படுக்கையை நனைக்கும் நாயும் ஒரு சீன மூலிகையும்

1923-ல் அமெரிக்காவில் படிப்பை முடித்துத் திரும்பிய சென் கே குயி, பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கூட்டாளியாக வாய்த்தவர் கார்ல் ஷ்மிட் என்ற அமெரிக்கர். சீன வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்துவரும் மூலிகைகளில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க இருவருக்கும் ஆசை. எதிலிருந்து தொடங்கலாம் என்று நாட்டு வைத்தியம் தெரிந்த தன் உறவினர் ஒருவரிடம் சென் கேட்டார். 'மாஹுவாங்' என்று பதில் வந்தது. கடையில் வாங்கிக் கஷாயம் வைத்தார்கள். மாணவர்களின் பாடம் முடிந்து மயக்க நிலையிலேயே கிடந்த ஒரு நாயின் ரத்தக்குழாயில் அதைச் செலுத்தினார்கள். நாயின் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறியது. இதயம் வேகமாக அடித்தது.

அன்று ஏறிய ரத்த அழுத்தத்துக்கும், இன்று வயதான நாய் ஒன்று தூக்கத்தில் படுக்கையை நனைப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

நாய் நன்றாகத்தான் இருக்கும். ஓடும், சாப்பிடும், வெளியே அழைத்துப் போனால் ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கும். ஆனால் படுத்துத் தூங்கி எழுந்தால் அந்த இடம் ஈரமாகியிருக்கும். அப்படி நடந்தது நாய்க்கே தெரியாது. இது சேட்டையும் இல்லை, பழக்கக் கேடும் இல்லை. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசை, தேய்ந்துபோன குழாய் வாஷரைப் போல இறுக்கம் இழந்துவிடுகிறது. அந்தத் தசைக்கு 'இறுகு' என்று ஆணையிடுபவை அட்ரினலின் வகை நரம்புச் செய்திகள். அந்த ஆணையைத் தசை சரியாக ஏற்க உதவுவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிடி தளர்கிறது.

பெட்டை நாய்களிடம் இந்தக் கோளாறு அதிகம் தெரியவந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். கருத்தடை அறுவை அப்போதுதான் பரவலானது. 1971-ல் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சி குறைந்த கட்டணக் கருத்தடை மையம் ஒன்றைத் திறந்தது; பிற அமெரிக்க நகரங்களும் அந்த வழியில் போயின. தெருவில் அநாதையாகப் பிறக்கும் குட்டிகள் குறைந்தன. கருப்பைச் சீழ் நோயிலிருந்தும் நாய்கள் தப்பின. ஆனால் சினைப்பையை எடுக்கும்போது ஈஸ்ட்ரோஜனும் போய்விடுகிறதே! சுவிட்சர்லாந்தில் சூசன் ஆர்னால்டும் அவருடைய குழுவினரும் கருத்தடை செய்யப்பட்ட 412 பெட்டை நாய்களைப் பற்றி 1989-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குச் சிறுநீர்க் கசிவு இருந்தது. 20 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களில் இது சுமார் 31 விழுக்காடு, சிறிய நாய்களில் 9 விழுக்காடு. பாக்ஸர் இனத்தில் பாதிக்கும் மேல்.

கருத்தடை பரவலாவதற்கு முன் நாய்களுக்கு வைத்தியமே இல்லை என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் டெலபியர் பிளேன் 1817-லேயே நாய் நோய்களுக்கென்று தனி நூல் எழுதிவிட்டார். ஆனால் மருந்துப் பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் மனிதர்களுக்கான சரக்குகளே. படுக்கையை நனைக்கும் குழந்தைகளுக்கு பெல்லடோனா என்ற மூலிகையைக் கொடுத்த காலம் அது. நரம்புத் தளர்ச்சிக்கும் வாதத்துக்கும் எட்டிக்கொட்டைச் சத்து கொடுத்தார்கள். நம் ஊர்க் காடுகளில் வளரும் அதே எட்டிதான். கப்பலேறி ஐரோப்பிய மருந்துக்கடைகளுக்குப் போனது. 1818-ல் பிரான்சில் பெல்த்தியேவும் காவாந்துவும் இந்தக் குடும்பத்துத் தாவரத்திலிருந்துதான் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சைப் பிரித்தார்கள். மருந்துக்கும் சாவுக்கும் இடையே இருந்தது சில அரிசி எடை மட்டும்.

முதல் உருப்படியான மருந்துக்கு வழி தாவரத்திலிருந்து வரவில்லை, சிறுநீரிலிருந்தே வந்தது. 1927-ல் பெர்லினில் அஷ்ஹைமும் சோண்டெக்கும் கர்ப்பிணிகளின் சிறுநீரில் பெண் ஹார்மோன் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். 1930-ல் லண்டனில் கை மாரியன் அதிலிருந்து எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜனைப் பிரித்தார். சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் 1942-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இவையெல்லாம் விலை கூடியவை. 1938-ல் சார்லஸ் டாட்ஸ் தலைமையில் இங்கிலாந்தில் உருவான செயற்கை ஈஸ்ட்ரோஜன், டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், மலிவாகக் கிடைத்தது. காப்புரிமையும் கிடையாது. யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

கால்நடை மருத்துவர்கள் அதைக் கசிவுக்குக் கொடுத்தார்கள். பல நாய்களிடம் நன்றாகவே வேலை செய்தது. அளவு மிஞ்சினால் எலும்பு மஜ்ஜையை அடித்து ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும் என்பதையும் அனுபவத்தில் கற்றார்கள். மனிதர்களிடம் கதை இன்னும் மோசமாக முடிந்தது. கருவுற்றிருந்தபோது இதை உட்கொண்ட தாய்மார்களின் மகள்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வருவதை 1971-ல் பாஸ்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் அறிவித்தார்கள். மருந்து மெல்ல மெல்லக் கடைகளிலிருந்து மறைந்தது. நாய்க்கு வேண்டுமென்றால் தனியே தயாரித்துக் கொடுக்கும் மருந்தகங்களைத் தேட வேண்டியதாயிற்று.

இங்கேதான் மாஹுவாங் திரும்ப வருகிறது. வறண்ட நிலத்தில் இலையே இல்லாததுபோல் பச்சைக் குச்சிகளாக வளரும் எபிட்ரா புதர்தான் அது. சீனாவின் மிகப் பழைய மருந்து நூல்களில் இடம்பெற்ற மூலிகை. அதன் சாரமான எபெட்ரினை ஜப்பானின் நாகாய் நாகயோஷி 1885-லேயே பிரித்திருந்தார். உலகம் அதைக் கவனித்தது சென்னும் ஷ்மிட்டும் 1924-ல் எழுதிய பிறகுதான். ரத்தக்குழாயின் சுவரை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் அதே ஆற்றல், சிறுநீர்ப்பையின் வாய்த் தசையையும் இறுக்குகிறது. சில ஐரோப்பிய நாடுகளில் எபெட்ரினே நாய் மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் எபெட்ரினின் நெருங்கிய உறவான பினைல்புரோப்பனோலமைனை மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சளி மாத்திரையிலும் மெலிவதற்கான மாத்திரையிலும் இருந்த பொருள் அது. மருந்துக்கடையில் எளிதாகக் கிடைத்தது. 2000-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வு இந்தப் பொருளை இளம்பெண்களின் மூளை ரத்தக்கசிவோடு இணைத்தது. மனிதர்களுக்கான மாத்திரைகளைத் திரும்பப் பெறும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டது. நாய்களுக்கு மட்டும் பயன்பாடு தொடர்ந்தது. 2011-ல் நாய்களுக்கென்றே தயாரித்த பினைல்புரோப்பனோலமைன் மாத்திரைக்கும் எஸ்ட்ரியால் மாத்திரைக்கும் அந்த நிர்வாகம் ஒப்புதல் தந்தது.

இந்த மருந்துகள் உருவாகிவந்த அதே காலத்தில் மூலிகை வைத்தியம் என்ற இன்னொரு ஓடையும் ஓடிக்கொண்டிருந்தது. மான்செஸ்டரில் பிறந்த ஜூலியட் டி பைராக்லி லெவி, கால்நடை மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடோடிகளோடு திரிந்து மூலிகை வைத்தியம் கற்றவர். ஆப்கன் வேட்டை நாய்கள் வளர்த்தவர். 1955-ல் வந்த அவருடைய நாய் மூலிகை நூல் இன்றும் பதிப்பில் இருக்கிறது. இயற்கை முறை நாய் வளர்ப்பு என்ற இயக்கத்துக்கு வேர் அவர்தான் என்று சொன்னால் மிகையில்லை. அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டம் மனிதர்களுக்கான ஊட்டச் சத்துப்பொருள் விற்பனையைத் தளர்த்தியபோது மூலிகைக் குப்பிகள் கடைகளை நிறைத்தன. கொழுப்பைக் கரைக்கும் என்று விற்ற மாஹுவாங் மாத்திரைகளும் அவற்றில் இருந்தன. அவை வீட்டு நாய்களின் வாய்க்கும் எட்டின. 1997 முதல் 1999 வரை மாஹுவாங்கும் குவாரானா என்ற மூலிகையும் கலந்த பொருளைத் தின்று நச்சுக்குள்ளானதாகப் பதிவான 47 நாய்களைப் பற்றி 2001-ல் ஒரு கட்டுரை வெளியானது. வலிப்பு, நடுக்கம், தாறுமாறான இதயத் துடிப்பு. சில நாய்கள் செத்தும் போயின. எபிட்ரா கலந்த சத்துப்பொருள்களை அமெரிக்கா 2004-ல் தடைசெய்தது.

இன்று நாய்களுக்கான 'இயற்கை' குப்பிகளில் பெரும்பாலும் இருப்பவை வேறு: மக்காச்சோளக் கதிரின் பட்டு நார், பூசணி விதை, சோயா. பட்டு நாரைச் சீன வைத்தியம் சிறுநீரைப் பெருக்கவே கொடுக்கிறது. கசியும் நாய்க்கு அது எப்படி உதவும் என்பது விற்பவர்கள் சொல்ல வேண்டியது. பூசணி விதையை மனிதரின் எரிச்சலுற்ற சிறுநீர்ப்பைக்கு ஜெர்மனியின் மூலிகை மருந்துக் குழு ஏற்றிருக்கிறது. சோயாவில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த பொருள்கள் உண்டு. இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் 2011-ல் ஒப்புதல் பெற்ற அந்த இரண்டு மாத்திரைகளுக்கு இருக்கும் சான்று இவற்றுக்கு இல்லை.

இந்த நூறாண்டுக் கதையில் இயற்கை, செயற்கை என்ற பிரிவினை எதற்கும் பயன்படவில்லை. எஸ்ட்ரியால் உடலிலேயே ஊறும் பொருள். நாய்களைக் கொன்ற மாஹுவாங்கும் செடிதான். எவ்வளவு, எந்த நோய்க்கு என்ற கணக்குதான் மருந்தை மருந்தாக்கியது.

வீட்டில் வயதான நாய் படுக்கையை நனைத்தால் அதன் தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்து வைக்காதீர்கள், அடிக்கவும் வேண்டாம். காலைச் சிறுநீரைச் சுத்தமான குப்பியில் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். கிருமித் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை இல்லை என்று தெரிந்த பிறகு மாத்திரையா, பூசணி விதையா என்று அவரிடமே பேசி முடிவெடுங்கள்.