படகுக்குப் பின்னால் இரண்டு வயர்

பாக் விரிகுடா மீனவர் பிரச்சினைன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது 1974-ல் போட்ட கடல் எல்லைக்கோடு. இன்னைக்கு வேற ரெண்டு கோடுகளைப் பற்றிப் பேசுவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் போனீங்கன்னா, விசைப்படகு வின்ச்சில் சுற்றியிருக்கும் இரும்பு வயர் ரோப்.

ரெண்டு வயர், ஒவ்வொன்றின் நுனியிலும் கனமான ஒரு பலகை, அதுக்குப் பின்னால் மடி. பலகையைச் சாய்வாகக் கட்டியிருப்பாங்க. படகு இழுக்கும்போது, காற்று பட்டத்தைத் தூக்குற மாதிரி, தண்ணீர் பலகையை வெளிப்பக்கம் தள்ளும். பலகைகள் இடமும் வலமுமாக விலக, மடியின் வாய் திறந்துக்கும். 1890-களில் ஸ்காட்லாந்தில் வந்த யோசனை இது. அதுவரைக்கும் வாயைத் திறந்து வைக்க நீளமான மரச்சட்டம்தான்.

தண்ணிக்குள்ள வயர் நேராக நிற்காது. அதன் எடை கீழே இழுக்கும், எதிரே வரும் தண்ணீர் மேலே தூக்கும். வேகம் கூடினா மடி தரையை விட்டுக் கிளம்பிடும். அதனால ஆழத்தைப் போலப் பல மடங்கு வயர் விடணும். 10 மீட்டர் ஆழத்துக்கு 50 மீட்டர்கூட விடுவாங்க. இறால் தரையில்தான் இருக்கு, அதனால பலகை சேற்றை உழுதுகிட்டே போகும்.

1952-ல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கேரளத்தில் தொடங்கினது. அதுக்கப்புறம் இறால் ஏற்றுமதி சூடுபிடிக்க, இழுவைமடி நம்ம கரைக்கும் பரவிச்சு. ஆனா பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவான ஆழம். அதே தரையைத் திரும்பத் திரும்ப உழுதா என்ன மிஞ்சும்? நாட்டுப்படகுக்காரங்களோட மோதல் முற்றி, கடைசியில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள்னு பிரிச்சாங்க. இலங்கையில் போர் நடந்த காலத்தில் அந்தப் பக்கத் தமிழ் மீனவர்களால் கடலுக்குச் சரியாகப் போக முடியலை. நம்ம படகுகள் போச்சு.

2009-க்குப் பிறகு அவங்க செவுள்வலையோட திரும்பி வந்தாங்க. இருட்டில், படகுக்கு வெகு பின்னால், தண்ணிக்கடியில் வர்ற பலகையும் வயரும் யார் வலையை அறுக்குதுன்னு ஓட்டுறவருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சட்டுனு நிறுத்த முடியாது, பலகை சேற்றில் விழுந்து மாட்டிக்கும். அறுந்த வலைக்குக் கடன் கட்டுறது அந்தக் கரையில் இன்னொரு தமிழ்க் குடும்பம். செய்திகளில் இது அதிகம் வர்றதில்லைங்கறது என் வருத்தம்.

2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே வருஷம் இங்க 2,000 விசைப்படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகுகள் தர்ற திட்டம் வந்தது. ராத்திரி போய்க் காலையில் திரும்பிப் பழகினவங்களுக்கு, பல நாள் கடலிலேயே இருக்கிற தொழில் அவ்வளவு சுலபம் இல்லை. சூரை பிடிக்கிற அந்தப் படகிலும் நீளமான தூண்டில் கயிறு உண்டு. அதைத் தரையில் இழுக்க மாட்டாங்க, மிதக்க விட்டுட்டுக் காத்திருப்பாங்க.