விம்ஆர்சியில் ஒரு பழைய வரி

நாமக்கல் குடைவரையிலுள்ள கல்வெட்டு அந்தக் கோயிலை 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்கிறது. அதைப் பற்றி 2003-ல் தட்டச்சு செய்து வைத்த என் குறிப்புகளைப் போன மாதம் விம் எடிட்டரில் திறந்தேன். ஒரு எழுத்துகூடப் புரியலை. எல்லாம் கிறுக்கல்.

எந்தக் குறியாக்கத்தில் சேமித்தேன்னு மறந்தே போச்சு. அதற்கிருந்த ஒரே தடயத்தையும் முந்தின வாரம் நானே அழித்திருந்தேன். விம்ஆர்சி கோப்பைச் சுத்தம் பண்றேன்னு உட்கார்ந்து, திஸ்கி விசைப்பலகையைக் கேட்கும் ஒரு வரியை 'இது எதுக்கு?'ன்னு தூக்கிட்டேன். யூனிகோடு பரவுமுன் இணையத் தமிழர் பலர் புழங்கியது திஸ்கி.

இந்தக் கோப்புகள் குப்பையாவதற்கு ஒரு வரலாறு உண்டு. 'ஆர்சி' என்ற வால், 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் கணினியிலிருந்த 'ரன்காம்' வசதியிலிருந்து வந்தது. யூனிக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் மறைவதோ, ஒரு குறுக்குவழி நிரலின் தற்செயல் விளைவு என்று ராப் பைக் எழுதியிருக்கிறார். கண்ணில் படாததை யார் கூட்டிப் பெருக்குவாங்க? 2003-ல் வந்த எக்ஸ்டிஜி விதிமுறை, இவற்றை '.கான்ஃபிக்' என்ற ஒரே அடைவில் வைக்கச் சொன்னது.

நல்லவேளை, என் கோப்பு கிட்டில் இருந்தது. பழைய பதிப்பில் அந்த வரியைப் பார்த்ததும் பொறி தட்டியது. குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன்.

இப்போ விசைகள், நிறங்கள், தமிழ் என்று தனித்தனிக் கோப்புகள். ஒவ்வொரு வரிக்கும் மேலே வருடமும் காரணமும். அந்தப் பழைய வரிக்கு மேலே இப்படி இருக்கிறது: '2003, குடைவரைக் குறிப்புகள், திஸ்கி. அழிக்காதே.'