திண்டுக்கல் ஏற்றுமதியும் மழைக்காலத் துறைமுக முடக்கமும்

திண்டுக்கல், வேடசந்தூர் நூற்பாலைச் சரக்குக்கு அருகிலுள்ள பெருந்துறைமுகம் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம். இங்கு இடையூறு அக்டோபர்–டிசம்பர் புயல்தான். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை. பெரும் அபாயக் கூண்டு ஏறினால் சரக்கேற்றம் நிற்கும், கப்பல்கள் ஆழ்கடலுக்கு விலகும்.

கடலைவிடக் கரையே சில சமயம் மோசம். 2023 டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி வெள்ளத்தில் சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன.

சுங்க வேலையில் பாதி ஊரிலேயே முடியும்: ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில் இணையத்தில் தாக்கலாகும், 2017 முதல் ஆலையிலேயே கன்டெய்னருக்கு மின்னணு முத்திரையிடலாம். ஆனால் சரக்கு துறைமுகச் சுங்கப் பகுதியை எட்டிய பிறகே ஏற்றுமதி அனுமதி. அதனால் பாதை துண்டிக்கப்பட்டால், ஆவணம் தயாராயிருந்தும் லாரி வழியில் நிற்கும், வாடகை ஏறும். பருத்தி நூலோ ஈரம் இழுக்கும்.