சங்கு

மன்னார் வளைகுடாவில் குளியாளிகள் மூழ்கி எடுக்கும் கடல் நத்தையும் அதன் ஓடும். வடமொழியில் சங்கம்; கிரேக்கத்தில் கொங்கே, லத்தீனில் கொங்கா, ஆங்கிலத்தில் காங்க் ஆகியவை அதற்கு உறவுச் சொற்கள். வடமொழி வடிவம் சிங்களத்தில் ஹக் என்று சுருங்கியது. வங்காளத்தில் ஷாங்கா என்றால் மணமான பெண்ணின் கையிலுள்ள வெள்ளை வளை. தூத்துக்குடிச் சங்குகள் கல்கத்தா போய், குறுக்காக அறுபட்டு, அந்த வளையாயின. கொற்கை அகழாய்வில் கிடைத்த அறுத்த சங்குத் துண்டுகள் இத்தொழிலின் தொன்மையைக் காட்டுகின்றன.

தமிழில் இச்சொல் வீட்டுக்குள்ளும் நிறைந்திருக்கிறது: குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம் சங்கு, தொண்டைக்குழி சங்கு, ஆலை ஊதுவதும் சங்கு. பிறப்பில் பாலூட்டிய சொல்லே இறப்பில், 'சங்கு ஊதிவிட்டார்கள்' என்று ஒலிக்கிறது.