உமணர் வண்டியில் என்னென்ன இருந்தது?

கேரவன் வாங்கினால் கூடவே என்னென்ன சாமான் வாங்கணும்? ஓரிக்கைக்காரனான என்னைக் கேட்டால், எங்க காஞ்சி இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள் என்பேன்!

உப்பு விற்ற உமணர்கள் குடும்பத்தோடு மாட்டுவண்டியில் போனார்கள். மேலே ஆரைப்புல் கூரை, வண்டியிலேயே கோழிக்கூடு, தொங்கும் சின்ன உரல், முன்பக்கம் கயிற்றில் கட்டிய காடிப் பானை. மாட்டை ஓட்டியது கைக்குழந்தையோடு ஒரு பெண் (கவனிக்க!).

ஆனால் என் ஓட்டு சேம அச்சுக்குத்தான். அதாவது ஸ்டெப்னி! பழகாத மாடு, பெரிய பாரம், மேடுபள்ளமான வழி. அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டார்கள். புறநானூறு 102இல் ஔவையார் பொகுட்டெழினியை அந்த அச்சுக்குத்தான் ஒப்பிடுகிறார்.

காமர்ஸ் கணக்கில் அது வீண் சுமைதான். ஆனால் நடுக்காட்டில் அச்சு முறிந்து மழையும் பிடித்துக்கொண்டால், போட்ட முதலே கரைந்துவிடுமே!