திருச்சியின் மகளிர் நிர்வாகக் கழிப்பறைகள்

திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் குடிசைப் பகுதிகளில், பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் பெண்களே அதை நடத்தும் முறை 2000ஆம் ஆண்டையொட்டி உருவானது. ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளைச் சேர்த்து 1994இல் மாநகராட்சி அமைந்தபோது கழிப்பறைக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் பராமரிப்புக்குத்தான். 1987இல் தொடங்கிய கிராமாலயா தொண்டு நிறுவனம், வாட்டர்எய்டு அமைப்பின் உதவியோடு அவற்றைச் சீரமைத்து மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் விடச் செய்தது. குழுப் பெண்கள் முறைபோட்டு வாசலில் அமர்ந்து, டோக்கனுக்குச் சில்லறை வாங்கி, கணக்கெழுதி, துப்புரவுக்கும் மின்சாரத்துக்கும் கொடுத்தது போக மிஞ்சியதைப் பகுதியின் தேவைகளுக்குச் செலவிட்டார்கள். பெரியவர்களுக்கான கழிப்பறைக்குள் போக அஞ்சும் பிள்ளைகளுக்கென்று தாழ்வான தனி இருக்கைகளும் வந்தன. 2002இல் திருச்சியின் கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிக்காத நாட்டின் முதல் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

ஊரார் பங்கேற்பு என்றதும் சோழர் காலத்து உத்திரமேரூர்க் குடவோலைத் தேர்தலில் தொடங்குவது நம் வழக்கம். நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களே நிற்க முடிந்த அந்தத் தேர்தலில் கல்மந்தைப் பெண்ணுக்கு வேர் தேட வேண்டியதில்லை. 1970களில் பாட்னாவில் சுலப் அமைப்பு தொடங்கிய கட்டணக் கழிப்பறையே நெருங்கிய முன்னோடி. ஆனால் அங்கே நடத்துபவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு. திருச்சியில் இருவரும் ஒருவரானதால், அழுக்கான கழிப்பறை அன்றைக்கே வசூலைக் குறைத்தது. குறை சொல்ல வருகிறவர் அடுத்த வீட்டுக்காரராக இருந்தார். செங்கல்லை விட, சாவியும் கல்லாவும் யார் கையில் என்பதே இங்கு தீர்வின் வடிவம்.

மாநகராட்சியின் கடமையை ஏழைப் பெண்களின் தலையில் கட்டியதுதானே இது என்ற கண்டனம் உண்டு. வசதியானவருக்கு வீட்டிலேயே கிடைப்பதற்கு ஏழை தினமும் காசு தருவது அநீதி என்பதில் மறுப்பில்லை. ஆனால் இலவசமாக இருந்தபோது அந்தக் கட்டடங்கள் சரியாகப் பயன்படவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நியாயமான கேள்வி, பெண்களின் பொறுப்பு எங்கே முடிகிறது என்பது. செப்டிக் டேங்கில் சேர்வதை எந்தக் குழுவாலும் சுத்திகரிக்க முடியாது. அதை லாரியில் எடுத்துப் பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையம் வரை சேர்ப்பது மாநகராட்சியின் வேலை. 2010களின் நடுவில் திருச்சிக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம் கவனத்தை அந்தப் பக்கம் திருப்பியது.