பட்டாளத்து வைத்தியரின் சேவைக் கணக்கு

தோட்டப்புறத்திலே வளர்ந்த நம்மவருக்கு ‘டிரஸ்ஸர்’ என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. காய்ச்சலுக்குக் கொயினாவும், கால் புண்ணுக்குக் கட்டும், பிள்ளைகளின் வயிற்றுக் கோளாறுக்குக் கலவை மருந்தும் அவர் கையாலேயே நம் முன்னோர் பெற்றனர். டாக்டர் என்பார் எப்போதோ மோட்டாரில் வந்து மேற்பார்வை பார்த்துப் போகும் பெரியவர். நடுச்சாமத்தில் கதவைத் தட்டினால் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தவர் டிரஸ்ஸரே. இச்சொல்லுக்கு மலாயாவுக்கு முந்திய வரலாறு ஒன்று உண்டு. அது சென்னைப் பட்டாளத்து வரலாறு.

1835-ம் ஆண்டிலே சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு வைத்தியப் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. 1850-ல் கல்லூரி என்னும் பெயரைப் பெற்று, இன்றளவும் நிலைத்திருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரி அதுவே. அதன் முதல் நோக்கம் ஊராருக்கு வைத்தியம் பார்ப்பதன்று. பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் பழக்குவது. அங்கே இருவகை மாணவர் இருந்தனர். ஐரோப்பியரும் கலப்பினத்தவருமான இளைஞர் ‘அப்போதிகரி’ ஆகும் வழியில் நின்றனர். நம் நாட்டவர் டிரஸ்ஸர் ஆகும் வழியில் நின்றனர். எவர் எவ்வளவு உயரலாம் என்பது, எவரும் புத்தகத்தைத் திறக்கு முன்னரே தீர்ந்திருந்தது.

இதன் பொருளை உணரப் பட்டாளத்துக் கணக்கைச் சிறிது அறிதல் வேண்டும். பட்டாளத்தில் எல்லாம் முன்னுரிமையைப் பொறுத்தது. முன்னுரிமையோ உத்தியோகப் பத்திரத்தின் தேதியைப் பொறுத்தது. காலாட்படை ஆபீசர் பதினெட்டு, இருபது வயதிலே சேர்ந்துவிடுகிறார். வைத்தியரோ படித்து முடிக்கவே இருபத்தைந்து வயதாகிறது. படித்த காலம் கணக்கில் ஏறாவிடின், கல்லாதவன் மேலாளாகவும் கற்றவன் கீழாளாகவும் வாழ்நாள் முழுவதும் நிற்க நேரும். ஆகவே கல்விக்கும் அநுபவத்துக்கும் இத்தனை ஆண்டு என்று மதிப்பிட்டு, அவ்வளவு காலம் முன்னமே சேவை செய்ததாகப் பாவித்து, அதற்கேற்ற பதவியில் அமர்த்தும் முறை பல நாடுகளில் ஏற்பட்டது. அமெரிக்காவில் 1947-ம் ஆண்டுச் சட்டம் டாக்டர்களுக்கு நான்கு ஆண்டு இவ்வாறு அளித்தது. 1980-ம் ஆண்டுச் சட்டம் இம்முறையை விரித்தது. மருத்துவக் கல்லூரியில் கழித்த நான்கு ஆண்டும் முழுதாகக் கணக்கில் வருவதால், புதிய டாக்டர் அங்கே கேப்டனாகவே நுழைகிறார். ஆனால் அந்நாட்டு விதிகளில், தொழில் செய்து பெற்ற அநுபவத்துக்கு ஆண்டொன்றுக்கு அரை ஆண்டே கணக்கு; அதுவும் மொத்தம் மூன்று ஆண்டுக்கு மேற்படாது. புத்தகத்துக்கு முழு விலை, கைப்பழக்கத்துக்குப் பாதி விலை! இக்கணக்கும் பதவிக்கே உதவும், பென்ஷனுக்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிற்க. ஆங்கிலேய டாக்டர்களுக்கே இம்மதிப்பு எளிதில் கிடைத்துவிடவில்லை. 1858-ல் அவர்களுக்கு ‘ஒப்புப் பதவி’ என ஒன்று அளித்தார்கள். 1887-ல் அதைப் பறித்தார்கள். டாக்டர் சங்கத்தினரும் மருத்துவப் பள்ளியாரும் கொதித்தெழுந்தனர். பட்டாளத்தில் சேர வேண்டாம் என்று மாணவரைத் தடுத்தனர். ஆள் கிடைக்காத பிறகே சர்க்கார் இறங்கி வந்தது. 1891-ல் ‘ஸர்ஜன்-கேப்டன்’ என்னும் ஒட்டுப்பெயர் வந்தது. 1898-ல் ஒட்டு நீங்கி, டாக்டர் கேப்டனும் கேப்டனே என்றாயிற்று. படித்தவனை மதியாத பட்டாளத்தோடு அவர்கள் போராடியதை நாம் குறை கூறவில்லை. அது நேர்மையான போராட்டமே. அந்த நேர்மை தம் கீழே நின்றவர்பால் அவர்களுக்கு எழவில்லை என்பதே நாம் சொல்ல வந்தது.

இந்திய மருத்துவ சர்வீஸ் என்னும் ஐ. எம். எஸ்.-ஐப் பார்ப்போம். லெப்டினண்டாக நுழைபவர் மூன்றாண்டில் கேப்டன், பன்னிரண்டாண்டில் மேஜர், இருபதாண்டில் லெப்டினண்ட்-கர்னல். தேர்வில் வென்றவர் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தங்கிப் பயில விரும்பினால், ஓராண்டு வரை விடுவார்கள். சம்பளம் இராது, ஆனால் அக்காலம் பதவி உயர்வுக்கும் பென்ஷனுக்கும் சேரும். அநுபவத்துக்குக் கணக்குக் கொடுக்க அவர்கள் அறியாதவரல்லர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அந்தத் தேர்வு 1855-ல் எல்லார்க்கும் பொதுவாக்கப்பட்டது. ஆனால் நடைபெற்றது லண்டனில்! வயது 21 முதல் 28 வரை என்றும் பின்னாளில் வரம்பிருந்தது. கல்கத்தாவிலிருந்து 1845-ல் கப்பலேறிச் சென்ற நான்கு மாணவரில் ஒருவரான சூர்ய குமார் சக்கரவர்த்தி, லண்டனில் எம். டி. பட்டம் பெற்று 1850-ல் திரும்பினார். மேல் வரிசை உத்தியோகம் அவருக்குக் கிட்டவில்லை. அதற்குப் புறம்பான வேலையே கிடைத்தது. தேர்வு பொதுவாயிற்று என்று கேட்டதும் மீண்டும் கடல் கடந்து சென்று, முதல் தேர்விலேயே இரண்டாவதாக வெற்றி பெற்றார். எம். டி. பட்டமும், ஆஸ்பத்திரியில் உழைத்த ஆண்டுகளும் கையிலிருக்க, புதிதாய்ப் பள்ளி விட்ட இளைஞரோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து எழுதினாலன்றி அவருக்குக் கதவு திறக்கவில்லை.

அவரேனும் எழுதினார். எழுதவே இடமில்லாதவர் எத்தனை பேர்! டிரஸ்ஸர் வழி வந்தவர் பின்னர் ‘ஆஸ்பத்திரி அஸிஸ்டெண்ட்’ ஆயினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஸப்-அஸிஸ்டெண்ட் ஸர்ஜன்’ ஆயினர். பெயர் நீண்டது; நிலை நீளவில்லை. ராயபுரம் போன்ற மருத்துவப் பள்ளிகளில் நான்காண்டு கற்று எல். எம். பி. பெற்றவர் பட்டாளத்தில் ஜமேதாராகச் சேர்ந்து, ஆண்டு பலவற்றுக்குப் பின் சுபேதாராகலாம். அதற்கு மேலே அரசரின் பத்திரம் பெற்ற ஆபீசர் வரிசை. நேற்றுச் சேர்ந்த செகண்ட்-லெப்டினண்டுக்கும் தலைநரைத்த சுபேதார் சலாம் வைக்க வேண்டும். காலராவும் பிளேக்கும் கண்ட பட்டாளத்தில் இரவு பகல் நின்றவரின் ஆண்டுகள், ஐ. எம். எஸ்.-இன் வாசற்படியில் ஒரு நாளாகவும் எண்ணப்படவில்லை.

படிப்பு குறைவு, ஆதலின் பதவி குறைவு என்று சிலர் நியாயம் சொல்லக்கூடும். அவர்களுக்கு டாக்டர் டி. எம். நாயரைக் காட்டுவோம். எடின்பரோவில் எம். டி. பட்டம் பெற்றவர், சென்னையில் காது, மூக்கு, தொண்டை வைத்தியத்தில் பேர்பெற்றவர், ‘ஆண்டிஸெப்டிக்’ என்னும் வைத்தியப் பத்திரிகையின் ஆசிரியர், பின்னர் 1916-ல் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவர். முதல் உலக யுத்தத்தில் ‘மதராஸ்’ என்னும் ஆஸ்பத்திரிக் கப்பலில் வைத்தியராகச் சென்றார். வயது நாற்பத்தைந்தைக் கடந்திருந்தது. அவருக்கு அளித்த பதவி லெப்டினண்ட்! அவர் முணுமுணுத்ததாக நாம் படித்ததில்லை. காயம்பட்டோரைக் கவனிக்கவே போனார். ஆனால் கணக்கு கணக்குத்தானே?

1933-ம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தபோது எல். எம். பி.-க்களை அகில இந்தியப் பட்டியலில் சேர்க்காமலே விட்டார்கள். பட்டாளத்துக்கு மட்டும் அவர்கள் வேண்டியிருந்தனர். மலாயாவைக் காக்க வந்து, 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூரில் சரணடைந்த இந்தியப் படைகளின் ஆஸ்பத்திரிகளிலும் இந்த ஜமேதார், சுபேதார் டாக்டர்கள் இருந்தனர். கட்டு நனையக் கிடந்தவனுக்கு, வந்தவர் தோளில் என்ன குறி இருந்ததென்பதா பெரிது?

கடைசியில் மாற்றத்தைக் கொணர்ந்தது நியாயமன்று, தட்டுப்பாடே. யுத்தம் டாக்டர்களை விழுங்கிற்று. பழைய ஏணியில் ஏறப் புதியவர் மனமிசையவில்லை. 1943 ஏப்ரல் 3-ந் தேதி ஐ. எம். எஸ்.-இன் பட்டாளப் பகுதியும், கீழ் வரிசை மருத்துவ இலாகாவும், ஆஸ்பத்திரிப் பணியாளர் படையும் ஒன்றாக்கப்பட்டு, இந்தியப் பட்டாள மருத்துவப் படை என்று பெயர் பெற்றன. 108 ஆண்டுக்கு முன் சென்னைப் பள்ளியில் வகுத்த இரண்டு வழிகளும் ஏட்டளவிலேனும் அன்றே ஒரு பெயருக்குள் வந்தன.

1946-ல் போர் கமிட்டி, இனி இந்தியாவில் ஒரே தரத்து டாக்டர்தான் வேண்டும் என்று சொல்லிற்று. எல். எம். பி. படிப்பு மறையத் தொடங்கிற்று. முன்பே அதைப் பெற்றிருந்தவருக்காகச் சுருக்கிய எம். பி. பி. எஸ். வகுப்புகள் ஏற்பட்டன. முன் படித்த படிப்புக்கு இங்கே ஒருவாறு கணக்குக் கிடைத்ததால்தான் வகுப்பு சுருங்கிற்று. யுத்தகளம் கண்டு திரும்பியவர், தம் தம்பிமார் வயதுடைய ஆசிரியர் முன்னே நோட்டுப் புத்தகத்தை விரித்து, தாம் பல்லாயிரம் முறை கட்டிய கட்டைப் பற்றிக் குறிப்பெழுதிக்கொண்டார்.